பல்லாங்குழி கற்பிக்கும் கணிதம்
காந்தி நிகேதன் ஆசிரமம் அமைந்ததும், காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்ததுமான டி. கல்லுப்பட்டியில், கைவினை வாயிலாகவே கல்வி வளரவேண்டும் என்று 1937-இல் வார்தாவில் உருப்பெற்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்விச் சித்தாந்தத்தைச் சிந்திக்கையில், அதற்கு நெடுங்காலம் முன்பே நம் திண்ணைகளில் கணிதம் போதித்து வந்த பல்லாங்குழியே என் நெஞ்சில் எழுகிறது.

குழிக்கு ஐந்தாக 14 குழிகளில் 70 புளியங்கொட்டைகளை இட்டு அப்பத்தாவின் எதிரே அமரும் குழந்தை, அள்ளப்போகும் குவியலை எண்ணாமல் கண்ணாலேயே அளந்து, குழிக்கு ஒன்றாக இட்டுவந்தால் அது எந்தக் குழியில் தீரும், அதையடுத்த குழி வெறுமையாயின் அதற்கப்பால் எவ்வளவு கிட்டும் என்று க்ஷணத்தில் அனுமானிக்கிறது. நான்கு சேர்ந்த குழியைப் 'பசு' என்று ஆனந்தமாய் எடுத்துக்கொள்கிறது.

"எத்தனை இருக்கும், சொல்லு கண்ணு" என்று அப்பத்தா கேட்பதும், பிறகு இருவருமாக எண்ணிப் பார்ப்பதுமே உத்தமமான பாடம். எண்களை அச்சமின்றி அணுகும் மனோபாவத்தை இளமையிலேயே அளிக்கும் இவ்விளையாட்டை வீடுதோறும் பேணுவது நம் கடமை.