பதின்மூன்று இலக்கத்தில் ஒரு சிக்கனம்

1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவரும் அவர்தான். கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாத ராமானுஜன் கணக்கு நோட்டுகளோடு அவரிடம் வந்து குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயருக்கு, இந்த மேதையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப்படியில் முடக்க மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். வேலை கொடுக்காமல் செய்த அந்த உபகாரத்தை நினைக்கும்போது எனக்கு ஓர் எண் ஞாபகம் வரும். ஊரறிந்த 1729 அல்ல.

6746328388800.

ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் கோடி! 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. 12, 24, 36, 48, 60 என்று ஏறிப்போகும் அந்த வரிசையின் கடைசி எண் இது. பகா எண்ணுக்கு இரண்டே காரணிகள், இதற்கு 10,080. ஒன்று முதல் 28 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 29தான் முதலில் இடறும்.

பிரித்துப் பார்த்தால்தான் அழகு தெரியும். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. இவ்வளவுதான் சரக்கு. ஒரு காரணியை உண்டாக்க, 2ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம்: ஏழு வழி. 3க்கு ஐந்து வழி, 5க்கும் 7க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080.

அடுக்குகள் ஏன் இப்படி இறங்கிக்கொண்டே வரவேண்டும்? 2ஐ நான்கு முறையும் 3ஐ ஆறு முறையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். காரணிகள் ஒன்றுகூடக் கூடாது, எண் மட்டும் இரண்டேகால் மடங்காக ஊதிவிடும். 23ஐ எடுத்துவிட்டு 29ஐ வைத்தாலும் அதே நஷ்டம்தான். கடைசியில் நிற்கும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும், விலக்கு 4ம் 36ம் மட்டுமே என்றும் ராமானுஜன் நிறுவினார். இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. லண்டன் கழகத்துக்கு இருந்த பணமுடையால் அச்சேறாமல் நின்ற மீதிப் பகுதி 1997இல்தான் வெளிவந்தது.

பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கில் இந்த ஒரு விடுபாடு எனக்கு வியப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. அதை 23ஆல் பெருக்கினால் வருவது நம் பதின்மூன்று இலக்க எண்ணேதான். விடுபட்டதன் ஒவ்வொரு காரணிக்கும் 23 மடங்கில் ஒரு ஜோடி சேர்ந்துகொள்ள, 5,040 காரணிகள் 10,080 ஆகின்றன. அந்த 5,040ம் 10,080ம்கூட இதே வரிசையைச் சேர்ந்த எண்கள்: முன்னதற்கு 60 காரணிகள், பின்னதற்கு 72.