நேர மேலாண்மை

எனக்குச் சர்க்கரை நோய் வந்தது 46 வயதில். மருத்துவர் ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதி முடித்து, "மீதியை நம்ம ஹெல்த் கோச் பேசுவாங்க" என்று அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த இளம்பெண் அறிவுரை சொல்லவில்லை. கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். ஒரு மருத்துவமனையில் என் பேச்சை யாரோ இருபது நிமிடம் குறுக்கிடாமல் கேட்டது அதுவே முதல்முறை. அதனால் இந்தத் தொழிலைக் கேலி செய்து எழுத எனக்கு மனம் வராது.

"உங்க இலக்கு என்ன?" என்றார். தினமும் காலையில் 45 நிமிட நடை என்றேன். "அதுக்கு என்ன தடை?" ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், பிடித்து வைக்க வேண்டும். மகனுக்கும் கணவருக்கும் மதியச் சாப்பாடு கட்ட வேண்டும். மாமியாருக்கு ஏழு மணிக்குள் கஞ்சி. எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து கோப்பைப் புரட்டினால், தடை என்ற கட்டத்தில் இரண்டே சொற்கள்: நேர மேலாண்மை.

இப்படிக் கேட்டுப் பேசும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. குடிப்பழக்கச் சிக்கல் உள்ளவர்களுடன் எப்படிப் பேசுவது என்று வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிய கட்டுரை அதற்கு அடித்தளம். கண்டிக்காதே, கேள், மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரட்டும் என்பது அதன் சாரம். இன்று அமெரிக்காவில் ஹெல்த் கோச்சுகளுக்கு 2017 முதல் தேசிய அளவில் சான்றிதழ்த் தேர்வே நடக்கிறது. நோயாளியை மதிக்கும் முறைதான். ஆனால் அவருடைய பொழுது அவருக்கே சொந்தம் என்று அது எடுத்துக்கொள்கிறது. 2019ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். இதில் நான் எதை மேலாண்மை செய்வது?

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே என் கணவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அவரையும் ஒரு கோச் அழைத்தார். "சாப்பாட்டு விஷயமெல்லாம் அவகிட்ட பேசிடுங்க" என்று போனை என்னிடம் நீட்டினார் கணவர். சோற்றைக் குறைத்து, அவருக்கென்று தனியாகச் சுண்டல் வேகவைத்து, மாத்திரையை நினைவூட்டி, நடந்துவிட்டு வரும்போது மோர் கலக்கி வைத்தேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு குறைந்தது. கோச் அவரைப் பாராட்டினார். அவருக்கு இலக்கு இருந்தது, தடை இருக்கவில்லை. தடைகளையெல்லாம் வழியிலிருந்து எடுத்துப்போட ஒருத்தி இருந்தாள். அந்த வேலை எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. எனக்கு நோய் வந்தபோதோ, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள நான் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

என் கோச் மூன்றாவது முறை அழைத்தபோது மாலை நான்கு மணி. "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அன்றைய அழைப்புகள் முடியவில்லையாம். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் அந்தப் படிவத்தைக் கொடுத்தவர்களிடம்தான் பேசுகிறேன். அதில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: உங்கள் வீட்டில் சமைப்பவர் யார்? நீங்கள் நடக்கும் முக்கால் மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? இரண்டாவது கேள்விக்குப் பதிலாக வர வேண்டியவரையும் அழைத்துப் பேசுங்கள். அதை நானே வீட்டில் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். நான் கேட்டால் அது சண்டையாகிறது. மருத்துவமனை கேட்டால் சிகிச்சையாகும்.

என் கணவரை இதுவரை யாரும் அழைக்கவில்லை. தண்ணீர் வராத நாள்களில் மட்டும் நடக்கிறேன்.