தை மாதத் தீ, பங்குனி மாதத் தீ

2023 ஏப்ரலில் ஆலாந்துறையை அடுத்த நாதேகவுண்டன்புதூர் மலையில் பிடித்த தீ நாள்கணக்கில் அணையவில்லை. ஆள் ஏற முடியாத சரிவுகளில் அது எரிந்தது. கடைசியில் சூலூர் விமானப்படைத் தளத்தின் ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டு வந்து கொட்டவேண்டியிருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் குன்னூர்க் காட்டிலும் அதே காட்சி. தண்ணீர் மட்டும் ரேலியா அணையிலிருந்து. கயிற்றில் தொங்கிய அந்த வாளியைக் கோவைக்காரர்கள் செல்போனில் மாறி மாறிப் பார்த்து வியந்தார்கள். வாளி ஒரு தடவைக்கு அள்ளுவது அதிகபட்சம் 3,500 லிட்டர் அளவுதான். ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவுகூட இல்லை.

விமானப்படையின் உதவியைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் பங்குனியில் ஹெலிகாப்டர் வரவேண்டியிருக்கிறது என்றால், தை மாதத்தில் செய்த வேலை எங்கே போதாமல் போனது என்று கேட்டாகவேண்டும்.

அன்னூர் வட்டாரத்துக்கு இது தொலைவில் நடக்கும் சங்கதி அல்ல. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு – அவினாசித் திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் பவானியின் உபரிநீரை ஏற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. பவானி மலைக்காட்டில் பிறந்து காட்டோரமாகவே இறங்கி வரும் ஆறு. புல்லும் சருகும் கருகி மொட்டையான சரிவில் கோடைமழை விழுந்தால் மேல்மண் நீரோடு போகும். மண்ணுக்குள் இறங்கவேண்டிய நீரும் ஓடிப்போகும். மலை எரிவதன் விலையைச் சமவெளியும் சேர்ந்தே கொடுக்கிறது.

வனத்துறை ஆண்டுதோறும் செய்யும் முதன்மையான தற்காப்பு, தீத்தடுப்புக் கோடு. பனி விலகி இலை உதிரும் பருவத்தில், சாலையோரம், சரக எல்லை, முகடு என்று வழி பார்த்து, சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டுவார்கள். வெட்டியது காய்ந்ததும், காற்று அடங்கிய வேளையில் ஒரு முனையிலிருந்து தீ வைப்பார்கள். இரு பக்கமும் ஆட்கள் பச்சைத் தழைக் கொத்தோடு நடந்துவருவார்கள். வரம்பு மீறும் நாக்கைத் தழையால் அடிக்கும்போது ஓங்கி அடிக்கக்கூடாது. ஓங்கினால் பொறி பறந்து அந்தப் பக்கம் விழும். அழுத்தி, இழுத்தாற்போல அடிக்கவேண்டும். சிறிது காலமாகச் சருகை ஊதித் தள்ளும் இயந்திரங்களும் வந்திருக்கின்றன. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் மலையடிவார இருளர்களும் சோளகர்களும்தான்.

இந்தக் கோட்டுக்கு உண்மையான பயன் உண்டு. நம் இலையுதிர் காடுகளில் தீ பெரும்பாலும் தரையோடுதான் ஓடும். எரிய எதுவும் கிடைக்காத வெற்று மண்ணில் நின்றுவிடும். யாரோ வீசிய பீடித்துண்டு சாலையோரக் கோட்டைத் தாண்டாமல் அவிந்துபோகும். பெருந்தீ எதிரே வந்தால், கோட்டில் நின்றுகொண்டு எதிர்த்தீ வைக்கலாம். அணைக்கப் போகிறவர்களுக்கு உள்ளே போகவும் உயிரோடு வெளியே வரவும் அதுவே பாதை. கோடே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

குறை, கோட்டுக்கு இரு பக்கமும் இருக்கிறது. அங்கே ஆண்டாண்டாகச் சேரும் சருகையும் புதரையும் கோடு தொடுவதில்லை. அந்தப் புதரில் பெரும்பங்கு உன்னிச்செடி. பூவுக்கு ஆசைப்பட்டு வெள்ளைக்காரர் கொண்டுவந்த அந்த அமெரிக்கச் செடி, இன்று சத்தியமங்கலம், முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடக்கிறது. அதன் தண்டு மெல்லியது. உள்ளே பாதி காய்ந்தது. முழங்கால் உயரத்தில் ஓடிவரும் சருகுத் தீ ஓர் உன்னிப் புதரைத் தொட்டதும் அதன் வழியாகவே மேலேறி மரக்கிளையைப் பிடிக்கிறது. மரத்தின் உச்சியில் தீ ஏறியபின் சில மீட்டர் அகலக் கோடு எதைத் தடுக்கும்? காற்று பொறியை வீசிக் கோட்டைத் தாண்டவைத்துவிடும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அங்கேயும் கோடுகள் உண்டு, காவலர்கள் உண்டு. காய்ந்த உன்னிக்காடும் இருந்தது.

காட்டில் தீயே கூடாது என்ற கொள்கைக்கு வயது ஒன்றரை நூற்றாண்டு. 1860களில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தொடங்கிய முழுத் தீத்தடுப்பை ஆங்கிலேய வனத்துறை நாடெங்கும் கொண்டுபோனது. சுமார் முப்பது ஆண்டுகளில் பர்மாவிலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது: தீ படாத காட்டில் தேக்குக் கன்று முளைப்பதில்லை, மூங்கிலும் புதரும்தான் மண்டுகின்றன என்று அங்கிருந்த வன அதிகாரிகளே 1890களில் எழுதினார்கள். வங்காள, அசாம் பகுதிகளில் சால் மரத்துக்கும் அதே கதி. பிறகு ஈரம் முழுதும் காயுமுன் இலேசாக எரித்துவிடும் முறையை அவர்களே பல இடங்களில் ஏற்றார்கள். இந்த அனுபவம் வனத்துறையின் பழைய ஏடுகளிலேயே கிடக்கிறது. விடுதலைக்குப் பின் நாம் அதைப் புரட்டிப் பார்க்காதது வருத்தத்துக்குரியது.

சோளகர்களுக்கு ஏடு தேவைப்படவில்லை. தாளவாடிக்கு வடக்கே பிலிகிரிரங்கன் மலையில் அவர்கள் ‘தரகு பெங்கி’ என்று சொல்லும் சருகுத் தீயை, சருகு புதிதாக விழுந்து மண்ணில் இன்னும் குளிர்ச்சி இருக்கும்போதே வைத்தார்கள். தீ கணுக்கால் உயரத்தில் ஓடி அணையும். புதுப்புல் கிளம்பும், மான் வரும், பாதை தெளியும். அவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் ஆய்வாளர்களையே யோசிக்கவைத்தது: நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவியைத் தீயின் அனல் கட்டுப்படுத்துகிறது என்பது. 1974இல் அந்த மலை சரணாலயமானது. தீ வைப்பது குற்றமானது. அங்கே ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் 1997இலும் 2008இலும் ஒரே இடங்களைக் கணக்கெடுத்தார்கள். உன்னி இருந்த இடங்கள் 41 விழுக்காட்டிலிருந்து 81 விழுக்காடாகியிருந்தன. தீயை நிறுத்தியதுதான் உன்னியை வளர்த்தது என்று சோளகர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அது மட்டுமே காரணம் என்று இந்த எண்கள் நிரூபித்துவிடவில்லை. ஆனால் தடை உன்னியைத் தடுக்கவில்லை என்பதை நிரூபித்துவிட்டன.

அதற்காக, பழையபடி எரிக்க விட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்று எழுதுகிறவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை. முதுமலையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் பத்து ஆண்டுக்கு ஒருமுறை தீ கண்ட நிலம், நூற்றாண்டின் இறுதியில் மூன்று ஆண்டுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் எரிந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. வளர்ந்த வேங்கை தடித்த பட்டையால் பிழைத்துக்கொள்ளும். விரல் பருமன் கன்று பிழைக்காது. வேரிலிருந்து திரும்பத் துளிர்த்தாலும், மூன்றாம் ஆண்டில் மறுபடி தீ வந்தால் அது மரமாவது எப்போது? சோலைக்காடோ ஒரு தீயைக்கூடத் தாங்காது. ஆகவே மேட்டுநிலச் சோலைக்கும் தலமலையின் வறண்ட காட்டுக்கும் ஒரே விதி போடுவது தவறு.

எரிப்பதில் உள்ள உயிர்ச்சேதத்தையும் மறந்துவிடக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், காய்ந்த புல் மூடிய சரிவில் தீ சூழ்ந்ததில் மலையேறச் சென்ற 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்காது. 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்தில் தீயை அணைக்கப் போன வனக்காவலர்கள் மூவர் மாண்டார்கள். தீயோடு பழகியவர்களுக்கே இந்த நிலை.

எனவே வரிசைதான் முக்கியம். உன்னி மண்டிய காட்டில் முதல் வேலை வெட்டுவது. புதர் நிற்கும்போது வைக்கும் தீ சருகுத் தீயாக இருக்காது, பந்திப்பூர்த் தீயாகிவிடும். எரித்துவிட்டுப் போனாலும் உன்னி அடிக்கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் தழையும். வேரோடு எடுத்து, நாட்டுப்புல் பிடிக்கும்வரை இரண்டு மூன்று மழைக்காலம் முளையைப் பிடுங்கவேண்டும். இது செலவு பிடிக்கும் வேலைதான், ஆனால் முடியாத வேலை அல்ல. கூடலூர்ப் பக்கம் பழங்குடியினர் உன்னிக் கம்பில் நிஜ அளவில் செய்த யானைகள் இலண்டன்வரை போய்க் காட்சிக்கு நின்றன. இன்னொரு அந்நிய மரமான மஞ்சள் கொன்றையை முதுமலையில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். வெட்டியதற்கு விலை கிடைத்தால் வெட்டுவது தொடரும்.

வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்தை உதாரணம் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே 2006 முதல் பூர்வகுடிகள் வறட்சியின் தொடக்கத்திலேயே சிறுசிறு திட்டாக எரித்து, பின்பருவப் பெருந்தீயைக் குறைத்திருக்கிறார்கள். டார்வின் எரிவாயு ஆலையின் பணம் அதற்குக் கிடைத்தது. பருவம் அறிந்து எரிப்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆள் நடமாட்டமே குறைந்த அந்த நிலத்தை, ஊரும் கோயில் யாத்திரையும் நெடுஞ்சாலையும் ஊடே ஓடும் நம் காட்டோடு அப்படியே ஒப்பிட முடியாது.

நம் காடுகளில் தீ தானாகப் பிறப்பது அபூர்வம். குன்னூர்த் தீயே தனியார் தேயிலைத் தோட்டத்தில் கழிவை எரித்ததிலிருந்து பரவியதாகத்தான் செய்திகள் வந்தன. சிறுமுகை, பவானிசாகர்ப் பக்கம் காட்டை ஒட்டிய தோட்டங்களில் கரும்புத் தோகைக்கும் வரப்புப் புல்லுக்கும் வைக்கும் தீயும் அதே ஆபத்தைச் சுமக்கிறது. தோகையை மூடாக்காகப் போட்டால் மண்ணில் ஈரம் நிற்கும். அதைத் தூளாக்கும் கருவியைக் காட்டோர ஊர்களுக்கு முதலில் கொடுப்பது ஹெலிகாப்டரை அழைப்பதைவிட மலிவு.

1972 வனவிலங்குச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து நேரும் விதமாகத் தீ வைப்பதைத்தான் தடுக்கிறது. வனத்துறை தீத்தடுப்புக் கோட்டை எரிப்பதே, மேற்பார்வையில் எரிக்க இடமிருக்கிறது என்பதற்குச் சான்று. தலமலையில் ஒரே மாதிரியான மூன்று துண்டு நிலங்களை எடுத்துக்கொள்ளலாம்: ஒன்றில் உன்னியை வேரோடு எடுப்பது மட்டும், ஒன்றில் எடுத்தபின் தையில் சருகுத் தீ, ஒன்று கைபடாமல். ஐந்து ஆண்டு கன்றையும் புல்லையும் உன்னி முளையையும் எண்ணி, வந்த கணக்கை அப்படியே வெளியிடவேண்டும். எந்த நாளில், எந்த முனையிலிருந்து வைப்பது என்பதைச் சோளகர் பெரியவர்கள் சொல்லட்டும். தண்ணீரோடும் தழையோடும் வனத்துறை பக்கத்தில் நிற்கட்டும். தடை வருமுன் அந்தத் தீயை வைத்துப் பழகியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அடுத்த தையிலேயே தொடங்கினால் அவர்களையும் கூட்டிப்போகலாம்.