சுரங்க நீர்க் கணிப்பு: ஒரு மதிப்பீடு

நிலக்கரிச் சுரங்கத்தின் பகை நெருப்பும் நச்சுக் காற்றும் மட்டுமல்ல. நீரும் கொடிய பகையே. வட சீனத்தில் கரிப் படுகைகள் பலவற்றின் அடியில் மிகப் பழைய சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. நெடுங்காலம் நீர் அரித்தமையால் அப்பாறையில் குகைகளும் பிளவுகளும் மலிந்துள்ளன. அவற்றுள் நீர் பேரழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. கரி வெட்டுவோர் காலடியில் உள்ள தரைப் பாறையே அந்நீரைத் தடுத்து நிற்கும் மதில். அம்மதில் பொறுக்குமா, பிளக்குமா என்பதை முன்னரே அறிவிக்க எழுந்த கணக்குகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பது உயிர்களைப் பற்றிய வினாவாகும்.

அவற்றுள் புகழ் பெற்றது, 1964ஆம் ஆண்டில் ஹெனான் மாநிலத்து ஜியாவ்ஸுவோ வட்டாரத்தில் நடந்த பெரிய நிலத்தடி நீர் ஆய்விலிருந்து பிறந்த சூத்திரம். நீரின் அழுத்தத்தைத் தரைப் பாறையின் கனத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். துளையிட்ட குழாயில் நீர் 300 மீட்டர் உயருமானால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 3 மெகாபாஸ்கல். தரையின் கனம் 50 மீட்டரானால் விடை 0.06. பாறை முறிந்து குலைந்த இடத்தில் இதுவே எல்லை. குலையாத இடத்தில் 0.1 வரை செல்லலாம் என்பது விதி.

இச்சூத்திரத்தின் சிறப்பு அதன் எளிமை. ஏட்டறிவால் புனைந்ததன்று, உண்மையில் நீர் பீறிட்ட இடங்களை ஒப்பிட்டுக் கண்டது. பென்சிலும் தாளும் கொண்டு எவரும் போட்டுப் பார்க்கலாம். இடையில், கரி வெட்டுவதால் நொறுங்கும் பாறையின் கனத்தைக் கழித்துக் கணக்கிடும் திருத்தமும் வந்தது. ஆயினும் 2009ஆம் ஆண்டு விதிகள் பழைய எளிய வடிவத்துக்கே திரும்பின.

ஆனால் எளிமையே அதன் குறையும் ஆயிற்று. அழுத்தம் உண்டு, கனம் உண்டு. நீரின் வளம் கணக்கில் இல்லை. குடத்து நீரும் குளத்து நீரும் ஒரே அழுத்தம் காட்டலாம். முன்னது சிறிது நேரம் பீறிட்டு ஓயும். பின்னது சுரங்கத்தையே விழுங்கும். இரண்டையும் இச்சூத்திரம் ஒன்றாகவே மதிக்கிறது.

நீர் வளத்தை அளக்கத் தனி முறை உண்டு. கிணற்றின் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்த, நொடிக்கு எத்தனை லிட்டர் இறைக்க வேண்டும் என்பதே அளவுகோல். 0.1 வரை வளம் குறைவு. 1 வரை நடுத்தரம். 5 வரை மிகுதி. அதற்கு மேல் மிக மிகுதி. எனினும் ஒரு துளை ஓரிடத்தை மட்டுமே அறியும். குகை மலிந்த பாறையில் ஒரு துளை வறண்டிருக்க, அருகிலுள்ள மற்றொன்றில் நீர் பொங்கக் கூடும்.

இதனினும் பெரிய குறையை 1984 ஜூன் 2ஆம் நாள் கைலுவான் வட்டாரத்து ஃபான்கேசுவாங் சுரங்கம் உலகுக்குக் காட்டியது. சுண்ணாம்புக் குகையின் கூரை பண்டைக் காலத்தில் இடிந்து, அதன் மேலிருந்த பாறைகளும் அடுக்கடுக்காகச் சரிந்தமையால் உண்டான செங்குத்தான தூண் ஒன்று, கரிப் படுகை வரை எழுந்து நின்றது. அதை எவரும் முன்பு கண்டிலர். அதன் வழியே நீர் நிமிடத்திற்கு 2,053 கன மீட்டர் என்னும் உச்ச அளவில் பாய்ந்து, ஒரு நாளுக்குள் சுரங்கத்தை மூழ்கடித்தது. தடுக்கும் பாறையே இல்லாத இடத்தில் அதன் கனத்தைக் கொண்டு வகுப்பதால் பயன் என்ன?

பிற்காலத்தில் கணிப்பொறியின் துணையோடு பல காரணங்களைச் சேர்த்து மதிப்பிடும் முறைகள் வந்தன. அழுத்தம், கனம், நீர்வளம், பாறை முறிவுகளின் நெருக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி எடை கொடுத்து, ஆபத்தின் அளவை வண்ண வரைபடமாகத் தீட்டுகின்றனர். பழைய முறையினும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த எடைகளைச் சில வேளைகளில் வல்லுநரின் கருத்தே முடிவு செய்கிறது. சில வேளைகளில் முன் நேர்ந்த விபத்துகள் முடிவு செய்கின்றன. ஒரு சுரங்கத்தில் அத்தகைய விபத்துகள் சிலவே. சிலவற்றைக் கொண்டு பலவற்றை அளப்பது இடருடையது. மேலும், துளைகளுக்கு இடைப்பட்ட நிலத்தை வரைபடம் ஊகத்தாலேயே நிரப்புகிறது. பார்ப்பவர் கண்ணுக்கோ அளந்த இடமும் ஊகித்த இடமும் ஒரே வண்ணம்.

தரையடி நீரைப் பற்றிய இக்கணக்குகள் முற்றும் காணாத பகை இன்னொன்று உண்டு. அது கைவிட்ட பழஞ்சுரங்கங்களில் தேங்கிய நீர். இந்தியாவில் தன்பாத் அருகே சாஸ்னாலாவில் 1975 டிசம்பர் 27ஆம் நாள் 375 தொழிலாளரைக் கொன்றது அத்தகைய நீரே. சீனத்தின் ஷான்சி மாநிலத்தில் வாங்ஜியாலிங் சுரங்கத்தில் 2010 மார்ச் 28ஆம் நாள் 153 பேரைச் சிறைப்படுத்தியதும் அதுவே. அவர்களுள் 115 பேர் மீண்டனர். 38 பேர் மாண்டனர். அங்கே முன்பே நீர்க்கசிவு தென்பட்டும் வேலை நிறுத்தப்படவில்லை. கணக்கு தவறியதால் நேர்ந்த சாவன்று அது. கண்ட அறிகுறியை மதியாமையால் நேர்ந்த சாவு.

ஆகவே கணிப்பு முறைகளைத் தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது. அவற்றையே முடிவாகக் கொள்வதும் அறிவுடைமை ஆகாது. ஐயம் எழுந்தால் துளையிட்டுப் பார்த்து, அதன் பின்னரே முன்னேற வேண்டும் என்று சீனச் சுரங்க விதிகளே கூறுகின்றன. எவ்விடத்தில் முதலில் ஐயுற வேண்டும் என்று காட்டுவதே நல்ல கணிப்பின் பணி. ஐயுறவே வேண்டா என்று சொல்லத் தொடங்கும் கணிப்பு, எத்துணை நுட்பமானதாயினும், சுரங்கத் தொழிலாளிக்கு நண்பனாகாது.