மரமீன், கரண்டி, ரப்பர் தவளை

பழைய லூர்களை, அதாவது செயற்கைத் தூண்டில் இரைகளைப் புகழ்கிறவர்கள் மூன்று வேறு சங்கதிகளை ஒரே பேச்சில் கலந்துவிடுகிறார்கள்: சேகரிப்பவர் தரும் விலை, பிடித்தவரின் நினைவு, தண்ணீரில் அந்தப் பொருள் காட்டும் அசைவு. முதல் இரண்டையும் மதிப்பீட்டிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். 1859-ல் ஓஹாயோவைச் சேர்ந்த ரைலி ஹாஸ்கெல் காப்புரிமை பெற்ற செம்புமீன் லூர்களில் ஒன்று 2003-ல் ஏலத்துக்கு வந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் அதைக் குளத்தில் வீசுவதற்காக வாங்கவில்லை என்று ஊகிக்கத் தனி ஆய்வு வேண்டாம்.

திண்டுக்கல்காரருக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. நம் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; பெருமைதான். ஆனால் உள்ளே லீவர் சரியாக விழுகிறதா என்பதைச் சாவி போட்டுத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். லூருக்கும் அதே சோதனைதான் நியாயம். பழையது என்பதால் கூடுதல் மதிப்பெண்ணும் வேண்டாம், பழையது என்பதால் கழிவும் வேண்டாம்.

முதலில் ஒரு முறையியல் தடையைத் தாண்ட வேண்டும். லார்ஜ்மவுத் பாஸ் நம் குளங்களின் மீன் அல்ல. அதற்கென்று அமெரிக்காவில் செதுக்கிய பொருளை விராலிடம் கொண்டுவந்து சோதிப்பது சரியா? ஓரளவுக்குச் சரி. இரண்டும் ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில், கொடிக்கும் கோரைக்கும் அடியில் பதுங்கிக் கிடந்து பாயும் மீன்கள். விரால் காற்றை விழுங்க அடிக்கடி மேலே வருவதால், நீர்மட்டத்தில் ஓடும் லூருக்கு அது பாஸைவிடவும் இசைந்த மீன் என்றே சொல்லலாம். பொருந்தாத இடமும் உண்டு. பாஸ் வாயை அகலத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். விரால் கடித்துப் பிடிக்கும்; தாடை எலும்பு கடினமானது. பாஸின் வாய்க்கு அளவெடுத்த மெல்லிய கம்பிக் கொக்கி விராலின் வாயில் நிமிர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு லூர் மீனை ஈர்க்கிறதா, ஈர்த்ததைக் கரைசேர்க்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்தே கேட்க வேண்டும். புகழுரைகளில் பெரும்பாலானவை முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. துரத்தி வந்தது, அடித்தது, மாட்டியது என்ற மூன்றும் தனித்தனிக் கணக்கு. மூன்றையும் ‘நல்லா அடிச்சுது’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டால் ஒப்பீட்டுக்கு இடமே இல்லை.

அடுத்தது தண்ணீர். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கமும், வேடசந்தூர்ப் பக்கம் குடகனாற்றின் குறுக்கே உள்ள அழகாபுரி அணையும் இருந்தாலும், சமவெளியில் தூண்டில்காரருக்கு வாய்ப்பது பெரும்பாலும் குளம்தான். நத்தம், நிலக்கோட்டைப் பக்கம் கண்மாய். அதுவும் குத்தகைக்காரரின் அனுமதி கிடைத்தால். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு செம்மண் கலங்கலாய் நிரம்பும். பிறகு தெளிய ஆரம்பிக்கும்போதே அல்லியும் ஆகாயத்தாமரையும் பாசியும் மூடிக்கொள்ளும். கரையோரம் மூழ்கி நிற்கும் சீமைக்கருவேல முள் தனி வினை. கோடையில் நீர் வற்றினால் ஊரே இறங்கி ஊத்தாவாலும் கச்சாவலையாலும் மீன்பிடித் திருவிழா நடத்திவிடும். லூர்காரருக்கு அங்கே வேலையில்லை. ஆக, இந்த நீர் ஒரு லூரிடம் கேட்பது இரண்டு: கலங்கலில் தன் இருப்பை உணர்த்த வேண்டும், செடியில் சிக்காமல் வர வேண்டும். ஹெட்டன் நிறுவனத்தின் ஆரம்பகால மரமீன்களில் பதித்த கண்ணாடிக் கண்ணும், கிரீக் சப் நிறுவனத்தார் வலைத்துணி வைத்ததுபோல் தெளித்த செதில் வண்ணமும் கைவினையாகப் பார்த்தால் அழகு. ஒரு முழத்துக்குக் கீழே கை தெரியாத தண்ணீரில் அந்த அழகுக்குப் பயன் இல்லை.

மரம் என்றால் உயிர்ப்பு, பிளாஸ்டிக் என்றால் சாவு என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். மிச்சிகனின் டோவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் செதுக்கிக்கொண்டிருந்த மரத்துண்டை நீரில் எறிய, பாஸ் அதை அடித்தது என்பது இந்தத் துறையின் தலபுராணம். அந்த நிறுவனத்தின் மிகப் புகழ்பெற்ற மேல்நீர் லூரான ஸாரா ஸ்பூக் முதலில் மரமாக இருந்தது உண்மை. ஆனால் ஸ்பூக் என்ற பெயரோடு அது நமக்குத் தெரிய வந்ததே 1930-களின் இறுதியில், பிளாஸ்டிக்காக மாறிய பிறகு. எண்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது அதன் சுருட்டு வடிவமும் எடை உட்காரும் இடமும்தான். மரம் அன்றே கழன்றுவிட்டது. ஸ்பூக்கின் குறையும் இதோடு சேர்ந்தது: அதன் இடவலத் தள்ளாட்டம் பாதி பொருளில் இருக்கிறது, பாதி வீசுபவரின் மணிக்கட்டில். நல்ல கையில் அபாரம். புதுக் கையில் அது ஒரு மிதக்கும் கட்டை.

மூலப்பொருளே உயிராக இருக்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு: ரப்பாலா. பின்லாந்தின் லாரி ரப்பாலா, கூட்டத்திலிருந்து தடுமாறி விலகும் சிறுமீனைத்தான் பெரியது குறிவைக்கிறது என்பதைக் கவனித்து, 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, உருக்கிய புகைப்பட நெகடிவைப் பூசி முதல் மீனைச் செய்தார். பின்னால் வந்த பால்சா மரத்தின் எடையின்மைதான் அந்த நடுக்கத்தைத் தருகிறது. பிளாஸ்டிக்கில் அச்சடித்த போலிகள் உருவத்தை எட்டின, நடுக்கத்தை எட்டவில்லை. முன்வளையத்தை மூக்குக்குறட்டால் இம்மி அளவு வளைத்தாலே ஓட்டம் பக்கவாட்டில் சாயும். அந்த அளவுக்கு நுண்ணிய பொருள். கருத்து, பொருள், வேலைப்பாடு மூன்றும் இவ்வளவு இணங்கிய லூர் வேறொன்று இல்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அணைகளின் திறந்த நீருக்கு வெளியே நம் சமவெளியில் அதற்கு இடம் குறைவு. இரண்டு மூன்றுமுள் கொக்கிகளோடு ஆகாயத்தாமரைக்குள் விழுந்த ரப்பாலாவை எடுக்க லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பால்சா மென்மையானது என்பதால் அணையின் கல்கரையில் ஒருமுறை மோதினாலே வண்ணம் விட்டு நீர் குடிக்கும். மேதைமை வேறு, பொருத்தம் வேறு.

சாதனை மீன்களைச் சான்றாக நீட்டும் பழக்கத்தையும் தட்டிப்பார்க்க வேண்டும். 1932 ஜூன் 2-ஆம் நாள் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ், கிரீக் சப் மரமீனைக் கடித்தது. பழைய லூரின் அன்பர்கள் இதை ஓயாமல் சொல்வார்கள். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன்செய்தார். அவர் கொக்கியில் இருந்தது உயிருள்ள சிறுமீன். இதை அவர்கள் சொல்வதில்லை. உண்மையில் இரண்டுமே எதையும் நிரூபிக்கவில்லை. அன்று பெர்ரியிடம் வேறு லூர்கள் வரிசையாக இருந்து, ஒவ்வொன்றையும் அதே மீனிடம் வீசிப் பார்த்திருந்தால் பேசலாம்.

இனி விராலுக்கு அருகே வரலாம். பிரெட் ஆர்போகாஸ்ட் 1930-களின் இறுதியில் கொண்டுவந்த ஜிட்டர்பக்கை நான் பழையவற்றில் மிகக் கறாரான சிந்தனை என்று மதிக்கிறேன். குட்டையான உடல், முகத்தில் இரு குழிகளாக வளைத்த அகலத் தகடு, அவ்வளவே. சீராகச் சுற்றினால் தகடு இடமும் வலமும் நீரை வாரிக் கொட்டி ‘ப்ளக் ப்ளக்’ என்று நடக்கும். மணிக்கட்டு வித்தை எதுவும் தேவையில்லை. அசைவு முழுவதும் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பூக்கோடு ஒப்பிட்டால் இந்தத் தன்னிறைவு விளங்கும். இரண்டாம் உலகப் போரில் உலோகம் கிடைக்காதபோது தகட்டையே பிளாஸ்டிக்கில் செய்தார்கள். சேகரிப்போர் அந்தப் போர்க்காலப் பிரதிக்கு அலைவது அரிதென்பதால். தண்ணீரில் கணக்கில் வருவது தகட்டின் வளைவு மட்டுமே.

மழை முடிந்து குளம் நிரம்பி, செடி இன்னும் மூடாத சில வாரங்கள், பொழுது சாயும் நேரம், செம்மண் கலங்கல். அந்தச் சூழலில் ஜிட்டர்பக்குக்கு நிகர் குறைவு. சத்தம் ஒரே தாளத்தில் வருவதால் பார்வை எட்டாத மீனும் திசையைக் கணித்துவிடும். இரவில் அது பேர் வாங்கியதற்குக் காரணமும் இதுதான். குறை எங்கே என்றால் மறுபடி அந்த மூன்றுமுள் கொக்கியில். விரால் அடிக்கும் வேகத்தில் முள் ஒன்று மட்டும் தாடை ஓரத்தில் கொளுவி, கரைக்கு வரும் முன்பே நிமிர்ந்துகொள்ளும். தடித்த ஒற்றை முள் மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, நல்ல யோசனை. ஆனால் பின்பக்க எடை மாறினால் உடல் நீரில் உட்காரும் கோணம் மாறும், தாளம் குழறும். மாற்றுவதானால் எடையை ஈடுசெய்து மாற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் பழியை லூர் மேல் போடுகிறார்.

கரண்டிதான் நான் எதிர்பாராத அளவுக்குத் தேறியது. ஜூலியோ பியூயல் கரண்டி லூருக்குக் காப்புரிமை பெற்றது 1852-ல். நமக்கு முக்கியமானது அதன் 1920-களின் வாரிசு: லூயி ஜான்சனின் சில்வர் மின்னோ. வெள்ளி பூசிய தகட்டின் முதுகோடு ஒற்றைக் கொக்கி அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். முள் மேல்நோக்கி நிற்கும். முன்னாலிருந்து ஒரு கம்பி வில்போல் வந்து முள்ளை மறைக்கும். அல்லிக்கூட்டத்துக்கு அப்பால் வீசி இழுத்தால் இலைமேல் ஏறி, வழுக்கி, இலை விட்ட இடத்தில் மூக்குக் குத்தி இறங்கும். இறங்கும்போது தகடு இருபக்கமும் ஆடும். சுழலாது, ஆகையால் தூண்டில் நரம்பு முறுக்கேறாது. அந்த இலையோர இடைவெளிதான் விரால் காத்திருக்கும் வாசல். பதுங்கும் மீனின் இடம் எது, சிக்கும் செடி எது என்ற இரண்டையும் யோசித்துத் தீர்த்த வடிவம் இது. பாஸுக்காகச் செய்தது நம் அல்லிக்குளத்துக்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது. ஒற்றை முள் தடிமனானது என்பதால் விராலின் தாடைக்கும் ஈடுகொடுக்கிறது.

இதற்கும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நூல்பாசி படர்ந்த குளத்தில் காவல் கம்பியே பாசியை வாரிக்கொண்டு வரும். நிறுத்தினால் மூழ்கிச் சேற்றில் பதியும், ஆகவே யோசிக்க நேரம் தராது. கம்பி விறைப்பாக இருந்தால் மீன் கடித்தும் முள் ஏறாது. தளர்ந்தால் செடி ஏறும். கட்டைவிரலால் அழுத்தி அன்றைய குளத்துக்கேற்ப வளைத்துக்கொள்ள வேண்டும், அது பழகித்தான் வரும். முள் மழுங்கினால் அரம் போட்டுத் தீட்டலாமே தவிர, கழற்றி மாற்ற வழியில்லை.

இன்று கடைகளில் புது வரவாக விற்கும் உள்ளீடற்ற ரப்பர் தவளை பற்றி ஒரு திருத்தம். அது புதிதே அல்ல. 1950-களிலேயே அமெரிக்காவில் ஸ்னாக் புரூஃப் என்ற பெயரில் வந்துவிட்டது. உடலோடு ஒட்டி மேல்நோக்கிய இரட்டைக் கொக்கி, கடித்தால் அமுங்கி முள் வெளிப்படும் மென்மையான உடல் என்ற அதே கருத்துதான் இன்றும். இப்போது மாறியவை கால் ரப்பர் இழைகளும் வண்ணமும் விலையும். பழையது, புதியது என்று அணி பிரித்துச் சண்டையிடும் இருதரப்பும் இங்கே ஒரே பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. செடி முழுவதும் மூடிய குளத்தில் தவளைக்குப் போட்டி இல்லை. ஆனால் அடிக்கும் கணக்குக்கும் மாட்டும் கணக்குக்கும் இடைவெளி மிக அதிகமானதும் இதில்தான். விரால் அடித்த நொடியில் சுண்டினால் வெறும் ரப்பர் பறந்து வரும். வாய்க்குள் அமுங்கும்வரை பொறுத்துப் பிறகு சுண்ட வேண்டும். பொருளின் குறையை ஆளின் பொறுமை ஈடுகட்டுகிறது என்றால் பொருளுக்கு முழு மதிப்பெண் போட முடியாது.

இதெல்லாம் எதற்கு, மூங்கில் கம்பில் உயிர்த்தவளையை முதுகில் கோத்துத் தட்டிக்கொடுத்தால் விரால் வராதா என்று உள்ளூர்ப் பெரியவர் கேட்பார். வரும். லூர்கள் எதுவும் அதை வென்றதாக நான் சொல்லமாட்டேன். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற மதராஸ் சிவில் அதிகாரி 1887-லேயே நம் குளத்துத் தூண்டிலுக்கென்று தனி நூல் எழுதினார். குளத்து மீன் அதற்கு முன்பும் பின்பும் உயிரிரைக்கே அதிகம் மசிந்திருக்கிறது. ஆனால் உயிரிரையில் அசைவு தவளையுடையது. அதை மதிப்பிட எதுவுமில்லை. லூர் என்பது அசைவை மனிதன் கண்டுபிடித்துச் சொல்லும் கூற்று. கூற்று என்பதால்தான் சரி, தவறு பேச முடிகிறது.

ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்க வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே மிதக்கும்போது, அடியில் காவல் நிற்கும் பெற்றோர் மீன்கள் எதை வீசினாலும் அடிக்கும். சில காணொளிகளில் லூரின் வெற்றியாகக் காட்டப்படுவது இந்த அடிதான். அங்கே மீன் இரை எடுக்கவில்லை, விரட்டுகிறது. செருப்பை வீசினாலும் விரட்டியிருக்கும். அந்தச் சான்றை எந்த லூரின் கணக்கிலும் எழுதக்கூடாது. பிடித்த மீனோடு அந்தக் குஞ்சுக்கொத்தும் போய்விடும் என்பது கூடுதல் காரணம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் திண்டுக்கல் சமவெளியின் நீருக்கு என் வரிசை இது. முதலிடம் காவல்கம்பிக் கரண்டிக்கு: கருத்து, பொருத்தம், மாட்டும் திறன் மூன்றிலும் தேறிய ஒரே பழையது அது. இரண்டாவது ஜிட்டர்பக்; ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும், முள் மாற்றி எடை சரிசெய்த நிலையில். ரப்பர் தவளை மூன்றாவது. மூடிய குளத்தில் மட்டும் கரண்டிக்கும் மேலே அதை வைப்பேன். ஸ்பூக்கை நல்ல கையுள்ளவர் மேலே தூக்கிக்கொள்ளலாம், மறுக்கமாட்டேன். ரப்பாலாவை இந்த வரிசையில் சேர்க்கவே இல்லை. அதைச் சோதிக்க ஆத்தூர் அணைபோன்ற திறந்த, தெளிந்த நீரும் அங்கே தூண்டில் போட அனுமதியும் வேண்டும். குளத்துக் கலங்கலில் வீசி அதைத் தோற்றதாக எழுதுவது அநியாயம்.