ஒரே வரியில் உட்கார்ந்திருப்பது

பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில், குளூனிக்குப் பக்கத்தில் இருக்கிறது தேய்ஸே என்ற குக்கிராமம். 1940இல் ரோஜர் என்ற சுவிஸ் இளைஞர் அங்கே வீடு வாங்கி, போரில் தப்பி ஓடிவந்தவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார். அவர்களில் யூதர்களும் உண்டு. அந்த வீட்டைச் சுற்றி வளர்ந்த துறவற சமூகத்தில் இன்று கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒன்றாக வாழ்கிறார்கள். நாளுக்கு 3 முறை மணி அடிக்கும். எந்த வேலையானாலும் அப்படியே நின்றுவிடும். எல்லோரும் ஜெபத்துக்குப் போவார்கள்.

அந்த ஜெபத்தின் பாட்டுகள் நமக்கும் புதிதல்ல. 1985 டிசம்பர் கடைசியில் சென்னையிலேயே தேய்ஸே சகோதரர்கள் பெரிய கூட்டம் ஒன்றை நடத்தினார்கள். ஆனாலும் முதல் தடவை கேட்கிறவர்களில் பலருக்குச் சலிப்புத் தட்டிவிடுகிறது: “என்ன இது, பாடினதையே பாடுகிறார்கள்?”

காரணம் இருக்கிறது. பல நாட்டு இளைஞர்கள் வந்து குவிந்தபோது அவர்களுக்குப் பொதுவான மொழி இல்லை. நீளமான சங்கீதங்களை எல்லோரும் சேர்ந்து பாட முடியவில்லை. இசையமைப்பாளர் ழாக் பெர்த்தியே (1923–1994) சில நொடிகளில் கற்றுக்கொள்ளக்கூடிய சின்னச் சின்னப் பாட்டுகளை அமைத்துக் கொடுத்தார். பயிற்சி இல்லாதவரும் இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்துகொள்ளலாம்.

நம் கீர்த்தனையில் பல்லவி திரும்ப வரும்போது சங்கதி கூடிக்கொண்டே போகும். காது அடுத்த அழகுக்குக் காத்திருக்கும். இங்கே அடுத்தது என்று ஒன்று வராது. காத்திருந்து பழகிய மனதுக்கு முதல் சில சுற்றுகள் கஷ்டம்தான். நாலாவது சுற்றில் “இன்னும் எத்தனை தடவை?” என்று கேட்கும். கேட்கட்டும். அதோடு மல்லுக்கு நிற்காமல் மூச்சைக் கவனியுங்கள்: ஒரு அடிக்கு ஒரு மூச்சு. எப்போது எண்ணுவதை விட்டோம் என்று தெரியாமலே விட்டுவிடுவோம். தோள் இறங்கும், குரல் தணியும், பக்கத்தில் பாடுகிறவரின் குரல் காதில் விழத் தொடங்கும். பாட்டு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

தொடங்குவதற்கு ‘ப்ளைபெட் ஹியர்’ என்ற ஜெர்மன் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். கெத்செமனே தோட்டத்தில், பிடிபடப்போகும் இரவில், இயேசு சீடர்களிடம் கேட்டதுதான் அதன் பொருள். அவர் அவர்களிடம் காரியம் எதையும் செய்து முடிக்கச் சொல்லவில்லை. கூட இருங்கள், விழித்திருந்து ஜெபியுங்கள் என்றுதான் கேட்டார். காலையிலிருந்து இரவு வரை யாருக்காவது எதையாவது செய்துகொடுத்தே ஓய்ந்துபோகும் நமக்கு, ஆண்டவர் நம்மிடம் கேட்பது கூட இருப்பதை மட்டும்தான் என்று உணர்வது எவ்வளவு பெரிய இளைப்பாறுதல்! இரவு வீடு அடங்கினபின், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து கேளுங்கள். சமைக்கும்போது பின்னணியில் ஓடவிடாதீர்கள். அப்போது அது வெறும் இதமான சத்தமாகிவிடும். ஒரு வாரத்துக்கு இந்த ஒரு பாட்டே போதும்.

தேய்ஸே ஜெபத்தில் பிரசங்கம் கிடையாது. சிறிய வேத வாசிப்பு, அதன்பின் பல நிமிட மௌனம். பாட்டில் லயித்தவர்கள்கூட இந்த மௌனத்தில் தவித்துப்போவார்கள். கரண்ட் பில், பிள்ளையின் பரீட்சை, கேட்க மறந்த மன்னிப்பு எல்லாம் அப்போதுதான் வரிசைகட்டி வரும். அவற்றை விரட்ட வேண்டாம். வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கர்த்தரிடம் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டு, வாசித்த வசனத்தின் ஒரு சொல்லுக்குத் திரும்புங்கள். மத்தேயு 11:28 இதற்குப் பொருத்தமான வசனம்.

இந்த ஜெபத்தைச் சபையில் நடத்த விரும்பும் பாடகர் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: வேகத்தைக் கூட்டாதீர்கள், நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். தேய்ஸேக்கே போக வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மாலையோடு திரும்பிவிடாமல் ஞாயிறு முதல் ஞாயிறு வரை தங்குங்கள். அங்கே வந்தவர்களுக்கும் வேலை உண்டு. பாத்திரம் கழுவும் முறை உங்களுக்கும் வரும்.