ஏன் செய்தார்கள் என்று கேட்கும் வகுப்பு

அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது காரைக்கால். சுற்றிலும் நெல்வயல், உப்பங்கழி, மணல்வெளி. மாடியில் ஏறிப் பார்த்தாலும் எந்தத் திசையிலும் ஒரு குன்று கூடத் தென்படாது. ஆனாலும் இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் தாளும் கிரையானும் கொடுத்து "ஏதாவது ஒரு படம் வரை" என்றால், தாளில் பெரும்பாலும் இரண்டு மலைகள்தான் எழும். நடுவே கதிர் விரித்த சூரியன், கீழே ஓட்டுவீடு, ஓரத்தில் ஒரு தென்னை. அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததை வரையவில்லை. 'படம்' என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழக்கப்பட்டதை வரைகிறது.

இதில் பிள்ளையின் குறை ஒன்றுமில்லை. நம் ஓவிய வகுப்பு கையைப் பழக்குகிறது. கலை என்பது என்ன, மனிதர்கள் அதை எதற்காகச் செய்கிறார்கள் என்ற கேள்வியின் பக்கமே போவதில்லை. இன்று வழக்கில் உள்ள மூன்று முறைகளையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, பார்த்து வரையும் முறை. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, தொழிலுக்குக் கைத்திறன் வளர்ப்பதை நோக்கமாகக் கொண்டது. 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்', லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று தேர்வுகள் எழுதி வந்த டிராயிங் மாஸ்டர்கள் அந்த நோக்கத்தின் வாரிசுகள். கரும்பலகையில் மாஸ்டர் ஒரு வாத்து போடுவார். நாற்பது பிள்ளைகளும் அதே வாத்தைப் போடுவார்கள். இந்த முறையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. கோட்டை நிறுத்தவும் வளைக்கவும் கைக்குப் பயிற்சி தேவை. சுவாமிமலை ஸ்தபதிகளிடம் தொழில் பழகுபவரும் தென்னையோலை நறுக்கை மடித்து அளவு குறிக்கும் ஒடியோலையை வைத்துக்கொண்டு, முன்னோர் வகுத்த அளவுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார். ஆனால் அவருக்குத் தான் செய்யும் உருவம் யாருடையது, எந்தக் கோயிலுக்குப் போகப் போகிறது, யார் அதன் முன் கைகூப்புவார்கள் என்பது தெரியும். பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாத்து ஏன் வரையப்படுகிறது என்று தெரியாது. ஸ்தபதியின் பட்டறையில் பிரதி செய்வது ஒரு மரபுக்குள் நுழையும் வாசல். வகுப்பறையில் அது 'மாஸ்டர் படத்தைப் போல இருக்கிறதா' என்ற ஒரே தீர்ப்போடு முடிந்துவிடுகிறது. ஐந்து வயதில் ஆசையாக வரைந்த பிள்ளைகளில் பலர் பத்து வயதில் "எனக்கு வரைய வராது" என்று சொல்வதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, கலையைப் பிற பாடங்களோடு இணைக்கும் முறை. 2019இல் சி.பி.எஸ்.இ. இதைக் கட்டாயமாக்கி, வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பீரியடு கலைக்கு ஒதுக்கச் சொன்னது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட நிலையில், இது காரைக்கால் வகுப்பறைகளின் விஷயமும்தான். 2024இல் என்.சி.இ.ஆர்.டி. மூன்றாம் வகுப்புக்கு 'பான்சுரி' என்ற கலைப் பாடநூலையே கொண்டுவந்தது. ஓவியம், இசை, நடனம், நாடகம் நான்கும் அதில் உண்டு. கால அட்டவணையில் கலைக்கு உரிமையோடு ஓர் இடம் கிடைத்தது பெரிய முன்னேற்றம்.

ஆனால் இணைப்பு என்பது நடைமுறையில் ஏவல் வேலையாகிவிடுகிறது. நீர்ச் சுழற்சியை விளக்க ஒரு சார்ட், சுதந்திர தினத்துக்கு ஒரு மாறுவேடம், தூய்மை விழிப்புணர்வுக்கு ஒரு போட்டி. வேறு எதையோ சொல்வதற்கு மட்டுமே கலை அழைக்கப்படுகிறது. அதற்கென்று சொல்ல ஏதுமில்லை என்பதைப் பிள்ளை மௌனமாகக் கற்றுக்கொள்கிறது. மறுநாள் கொடுக்க வேண்டிய பிராஜெக்டை இரவு பத்து மணிக்கு அம்மா ஒட்டுகிறார். தேர்வு நெருங்கினால் அந்த இரண்டு பீரியடும் கணக்குக்குப் போகின்றன.

மூன்றாவது, பிள்ளையை அதன் போக்கில் விடும் முறை. 1897இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் சிறுவர்களுக்கென்று தொடங்கிய கலை வகுப்பு இதன் முன்னோடி. நம் நாட்டில், சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் சேவாகிராமப் பள்ளியில் கலையையே கல்வியின் அடித்தளமாக வைத்துப் பார்த்தார். தவறு செய்துவிடுவோமோ என்ற அச்சத்தை நீக்குவது இவ்வழியின் பெரும்பலன். ஆனால் அதை அரைகுறையாகப் பின்பற்றும் பள்ளிகளில், கலை என்றால் என் மனதில் இருப்பதைக் கொட்டுவது என்ற ஒரே பொருள்தான் எஞ்சுகிறது. தனக்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் செய்துவைத்தவற்றோடு பிள்ளைக்கு உறவு ஏற்படுவதில்லை.

மூன்றிலும் விடுபடுவது ஒன்றுதான்: செய்யப்பட்ட ஒரு பொருளின் முன் பிள்ளையை நிறுத்தி, "இதை ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கேட்பது. இதற்குக் காரைக்காலைவிடத் தோதான ஊர் அரிது.

ஆனிப் பௌர்ணமியில் இங்கே காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. பிச்சைக்கோலச் சிவனான பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவதை ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அம்மையாராக மாறிய புனிதவதியின் கதையும் தெரியும். அவர்களில் பலர் பார்த்திராதது, அம்மையாரைப் பேயுருவில் காட்டும் பழைய செப்புத் திருமேனி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு சாண் உயரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் படத்தை வகுப்பில் காட்டலாம். வற்றிய உடல், துருத்திய எலும்பு, தளர்ந்து தொங்கும் மார்பு, கையில் தாளம். முகத்தில் துயரமே இல்லை, பாடுகிற மகிழ்ச்சிதான். சிவகாமியையும் சீதையையும் அத்தனை எழிலோடு வார்த்த கைகள்தாம் இதையும் வார்த்தன. அழகாகச் செய்யத் தெரியாமல் செய்ததல்ல இது.

"இவங்களை ஏன் அழகாச் செய்யலை?" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் பதில் வரும். பசியோடு இருக்கிறார் என்று ஒன்று சொல்லும். அவரே பேயுருவைக் கேட்டு வாங்கினாரே என்று கதை தெரிந்த இன்னொன்று சொல்லும். சிரிக்கிறாரே என்று மூன்றாவது கண்டுபிடிக்கும். கலை அழகைப் பற்றியது மட்டுமல்ல, ஒருவர் உண்மை என்று நம்பியதைப் பிறர் காணும்படி வைப்பது என்ற பெரிய செய்தி, அந்தச் சொற்கள் எதுவும் இல்லாமலே அங்கே பிறந்துவிடும். பிறகு ஏதாவது ஒரு சிவன் கோயிலில் அறுபத்துமூவர் வரிசைக்கு அழைத்துப் போய், மற்றவர்கள் நிற்க இவர் மட்டும் அமர்ந்திருப்பதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

இதே கேள்வியை வேறு பொருள்களிடமும் கேட்கலாம். மாலைக்குள் காலடியில் அழிந்துவிடும் சிக்குக் கோலத்தை அம்மா ஏன் தினமும் புள்ளி வைத்துத் தொடங்குகிறார்? மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் பெயரும் பூவும் எழுதாவிட்டாலும் படகு கடலுக்குப் போகும். பிறகு ஏன் எழுதுகிறார்கள்? மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக்கு ரதத்தையும் பல்லக்கையும், தேற்றரவு அன்னை தேவாலயத் திருவிழாவுக்குத் தேரையும் ஏன் அத்தனை பாடுபட்டு அலங்கரிக்கிறார்கள்? வேண்டுதல், நினைவு, பெருமை, விளையாட்டு, கூடி மகிழ்தல் என்று பிள்ளைகளின் பதில்கள் விரியும். 'ஏன்' என்பதற்கு ஒரே விடை கிடையாது என்பதே அங்கே முதல் பாடம்.

இந்த முறைக்கும் ஆபத்துகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இது கனமில்லையா என்பார்கள். கலையின் இலக்கணத்தை வாய்மொழியாகக் கேட்டால் கனம்தான். கண்முன் இருக்கும் பொருளைப் பற்றிக் கேட்டால் கனமில்லை. வழிபாட்டுப் பொருள்களைக் காட்டும்போது ஒரு சமயத்தின் பக்கம் சாயும் ஆபத்து அதைவிடப் பெரிது. அதனால்தான் கோயிலோடு தர்காவும் தேவாலயமும் படகுத்துறையும் ஒரே வரிசையில் வர வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, நம் பள்ளிகளின் பழைய நோய்: "கலை என்றால் என்ன?" என்ற கேள்விக்கு நான்கு வரி விடை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது. அப்படி நடந்தால் பழைய வாத்தே மேல். குறைந்தபட்சம் கையாவது பழகும்.

ஆகவே பேச்சு செய்கைக்கு மாற்றாகக் கூடாது. இருக்கும் இரண்டு பீரியடில் ஒன்று பார்ப்பதற்கும் கேட்பதற்கும், மற்றொன்று செய்வதற்கு. அம்மையாரைப் பார்த்த வாரத்தில், தான் உண்மை என்று நினைக்கும் ஒருவரைக் களிமண்ணில் பிடிக்கலாம். படகைப் பார்த்த வாரத்தில், தன் படகுக்கு என்ன பெயர், என்ன படம் என்று தீர்மானிக்கலாம். மதிப்பெண் வேண்டாம், "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஆசிரியர் கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டால் போதும்.

இதற்கு முதலில் தயாராக வேண்டியவர் வகுப்பாசிரியர். தொடக்கப் பள்ளியில் தமிழும் கணக்கும் நடத்துகிற அதே ஆசிரியர்தான் பல இடங்களில் கலையும் நடத்துகிறார். அவருக்கு வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. விடையை முந்திச் சொல்லாமல் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியைக் கொடுப்பது கல்வித்துறையின் கடமை. தன் ஊரில் செய்யப்பட்டவற்றை ஏன் செய்தார்கள் என்று யோசித்துப் பழகிய பிள்ளைக்கு, தான் ஏன் வரைய வேண்டும் என்பதற்கான காரணமும் தானாகவே கிடைக்கும். காரணம் கிடைத்த கை, பிறர் படத்தைப் பார்த்து வரையும்போதும் கற்றுக்கொண்டே இருக்கும்.